உப்பில்லாத அப்பம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கன்னியர் மடம். அதன் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் வாழை மரங்களுக்கும் நடுவே ஓடு போட்ட ஓர் அறை. சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கக் கோயில்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கான அப்பம் அங்கிருந்துதான் போகிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக, விசிட்டிங் கார்டைவிடக் கொஞ்சம் தடிமனாக, வெள்ளையாக இருக்கும். பூசையில் குருவானவர் அதைக் கையில் ஏந்தி உரிய வார்த்தைகளைச் சொன்ன பிறகு அது அப்பம் இல்லை, ஆண்டவரின் உடல். அந்த வார்த்தைகளுக்கு முன்பு வரைக்கும் அது செம்பாக்கம் சாமுண்டீஸ்வரியின் கைவேலை.

முப்பத்தொன்பது வருடமாக அவள்தான் வெட்டுகிறாள். வாரத்துக்கு ஐயாயிரம் என்று வைத்துப் பார்த்தால் ஒரு கோடியைத் தாண்டுகிறது. அந்தக் கோடியில் ஒன்றைக்கூட அவள் கோயிலில் வாங்கிச் சாப்பிட்டதில்லை. வட்டங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் ஓரத் துண்டுகளைக் கிலோக் கணக்கில் தின்றிருக்கிறாள். அது வேறு.

செய்முறையில் ரகசியம் ஒன்றும் கிடையாது. கோதுமை மாவு, தண்ணீர். சிலுவை பொறித்த இரும்பு அச்சில் ஒரு கரண்டி ஊற்றி மூடினால் அப்பளம்போல ஒரு தகடு வரும். உடனே வெட்டினால் நொறுங்கிவிடும். அதனால் ஒரு ராத்திரி ஈரத்துணிக்கடியில் வைத்து, காலையில் குழாய்போல இருக்கும் வெட்டுக்கருவியால் அழுத்தி எடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அப்போது அவளுக்கு வயது இருபத்து நாலு, மாவில் உப்புப் போட மறந்துவிட்டதாக நினைத்து வேதசிரோமணி சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள்.

"மறக்கல. போடக் கூடாது," என்றார் சிஸ்டர்.

"சாமிக்குப் படைக்கிறதாச்சே சிஸ்டர். ஒரு சிட்டிகை உப்புகூடவா இல்ல?"

"ஒண்ணும் இல்ல. உப்பு இல்ல, சர்க்கரை இல்ல, எண்ணெய் இல்ல. கைய நல்லாக் கழுவிட்டு வா."

கன்னியர் மடத்தில் வேலைக்குப் போனால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று செம்பாக்கத்தில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவளும் ஆறு மாதம் உஷாராக இருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு வருடம் ஆயிற்று, இரண்டு வருடம் ஆயிற்று. கடைசியில் அவளே வேதசிரோமணி சிஸ்டரிடம், "சிஸ்டர், நானும் சாமி கும்புட உள்ள வரலாமா?" என்று கேட்டாள். சிஸ்டர் கணக்குப் பாடம் நடத்தியவர், சுருக்கமாகப் பேசுபவர். "கோயில் கதவு தொறந்துதானே கிடக்கு. ஆனா சனிக்கிழமை வேலைய முடிச்சுட்டுப் போ," என்றார். தன்னை யாரும் மாற்ற முயலவில்லை என்பதில் அவளுக்கு இன்றைக்கும் ஒரு சின்ன வருத்தம் உண்டு.

அவள் கோயிலுக்குள் போனதற்குக் காரணம் அற்புதம் எதுவும் இல்லை. இது பின்னாளில் சங்கடமாகிப் போயிற்று. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் என்று ஒரு ஜெபக்குழு உண்டு. அங்கே ஆளுக்கொரு சாட்சி சொல்வார்கள். ஒருவருக்குக் கட்டி கரைந்திருக்கும், ஒருவரின் மகனுக்குக் கனடா விசா கிடைத்திருக்கும். சாமுண்டீஸ்வரியிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. தான் வெட்டுகிற வட்டமெல்லாம் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தெரிந்த முகங்கள்தான் வரிசையில் நின்றன: மார்க்கெட்டில் கீரை விற்பவள், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, ரயில்வேயில் கேங்மேன். எல்லாரும் போய் நின்று, அவள் வெட்டியதை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். போகிறபோது இருந்த முகம் வேறு. வருகிறபோது இருந்த முகம் வேறு. அந்த இரண்டாவது முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சந்தோஷம் என்று சொல்ல முடியாது, நிம்மதி என்றும் சொல்ல முடியாது. அது தனக்கும் வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

வேண்டுமென்றால் ஞானஸ்நானம் பெற வேண்டும். ஞானஸ்நானம் என்றால் ஜெயவேலு.

ஜெயவேலு அவள் கணவர். செம்பாக்கம் ஏரியை ஒட்டி அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. நெல் விளைந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றுக்குச் செங்கலும் சிமென்ட்டும் விற்றதும் அவர்தான், ஏரி சுருங்கிவிட்டது என்று குறைபட்டுக்கொள்பவரும் அவர்தான். அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கூட்டரில் கேம்ப் ரோடு வழியாக அவளைக் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிடுவார். பூசை முடியும் வரை எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார். அவள் கொண்டுவரும் ஓரத் துண்டுகளை மாலையில் டீயில் தோய்த்துச் சாப்பிடுவார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போ, வா, முட்டிபோடு, உன்ன யாரு வேணாங்கிறாங்க? பேர மட்டும் எழுதிக் குட்துடாத."

காரணம் ஊர்ச் சிவன் கோயில். பங்குனி உத்திரத்தன்று சாமிக்கும் அம்மனுக்கும் அங்கே கல்யாணம். ஜெயவேலுவின் குடும்பம்தான் பெண் வீடு. குடும்பத்தின் மூத்த தம்பதி வந்து நிற்க வேண்டும். மனைவி கூறைப்புடவையும் தாலியும் வைத்த சீர்த்தட்டை ஏந்தி வருவாள். தட்டு சன்னிதிக்குப் போனதும் அர்ச்சகர் கணவனின் தலையில் பரிவட்டம் கட்டுவார், அதாவது சாமிக்குச் சாத்திய துணி. ஊருக்கே முதல் மரியாதை. தட்டு ஏந்த மனைவி இல்லையென்றால் பரிவட்டமும் இல்லை. வேறு மதத்துக்குப் போய்விட்டவளிடம் தட்டைக் கொடுக்க மாட்டார்கள்.

சாமுண்டீஸ்வரி முதல்முறை ஞானஸ்நானப் பேச்சை எடுத்தபோது அந்த மரியாதை ஜெயவேலுவின் அண்ணனிடம் இருந்தது. "அண்ணனுக்கு அப்புறம் நான். அதுவரிக்கும் பொறுத்துக்கோ," என்றார். அண்ணன் திடகாத்திரமானவர், மேலும் பதினாறு வருடம் இருந்தார். பரிவட்டம் ஜெயவேலுவின் கைக்கு வந்ததும், "இப்பதானே வந்துகீது, கொஞ்ச நாள் கட்டிக்கினு நிக்கிறேனே," என்றார். ஆக, ஞாயிறுதோறும் ஒரே ஸ்கூட்டரில் இரண்டு ஏக்கங்கள் போய்வந்தன. ஒன்று தீர்ந்தது. தீர்ந்த பிறகுதான் அதற்குப் பசி அதிகமாயிற்று.

பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் ஒரே பௌர்ணமியை வைத்துக் கணக்குப் போடுகிறவை. பெரும்பாலான வருடங்களில் ஒன்றையொட்டி மற்றது வரும். நாற்பது நாள் தவக்காலம் கறி மீனைத் தொடாமல் இருந்துவிட்டு, கடைசி வாரத்தில் பட்டுப்புடவை கட்டி, நாதஸ்வரத்துக்குப் பின்னால் தட்டு ஏந்திப் போவாள். அதிலும் அவள் குறை வைத்ததில்லை. அம்மனின் கூறைப்புடவையைத் தானே போய் எடுப்பாள், மடிப்புக் கலையாமல் தானே வைப்பாள். இரண்டு இடத்தையும் கோயில் என்றுதான் சொல்வாள். எந்தக் கோயில் என்பதை ஜெயவேலு கிழமையை வைத்துத் தெரிந்துகொள்வார்.

இப்படியே இன்னும் இருபது வருடம் போயிருக்கும். போன வருடம் ஜூன் மாதம் அவளுக்கு மூட்டுவலி வந்தது.

கடைசி பெஞ்சில் முட்டிபோட முடியவில்லை. பக்கவாட்டுக் கதவருகே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அதில் ஒன்றில் உட்கார்ந்தாள். அங்கே உட்காருகிறவர்கள் நடக்க முடியாதவர்கள், அதனால் நற்கருணையை, அதாவது அந்த அப்பத்தை, அவர்களிடமே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை. அன்று பூசை வைத்தவர் வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான சாமியார். ஒவ்வொரு நாற்காலியாக வந்து அவள் முன்னால் நின்றார்.

"கிறிஸ்துவின் உடல்."

அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது அவள் புதன்கிழமை வெட்டியது. வட்டத்தின் ஓரத்தில் ஊசி முனையளவு பிசிறு. வெட்டுக்கருவியில் ஒரு பக்கம் மழுங்கியிருந்தது, சாணை பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருந்தாள். அந்தப் பிசிறு இப்போது அவள் உதட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். சாமியாருக்குத் தெரியாது, பக்கத்து நாற்காலிக்குத் தெரியாது, டீக்கடையில் இருக்கிறவருக்கும் தெரியாது. அவள் உதடு பிரிந்தது.

பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

சாமியார் காது மந்தமாயிருக்கும் என்று நினைத்து, இன்னும் உரக்க, "கிறிஸ்துவின் உடல்," என்றார். பாதிக் கோயில் திரும்பிப் பார்த்தது. அவள் மறுபடி தலையை ஆட்டினாள். அவர் நகர்ந்தார்.

இத்தனை வருடம் ஒரே இடத்துக்கு வந்துபோகிறவள் அந்த இடத்தைச் சேர்ந்தவள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஜெபமாலை சொல்கிறாள், சிலுவைப்பாதையில் நடக்கிறாள், சின்னப் பிள்ளைகளுக்கு மந்திரங்கள் சொல்லிக்கொடுக்கிறாள். பழைய ஆட்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள், வேதசிரோமணி சிஸ்டரும் காலமாகிவிட்டார். மிச்சமிருந்தவர்களுக்குப் புரிந்தது இதுதான்: நற்கருணையை நாக்கு வரை கொண்டுவந்தும் ஒரு பெண் மறுக்கிறாள் என்றால் அவள் மனசில் சாவான பாவம், அதாவது நற்கருணை வாங்கவிடாத பெரிய பாவம், ஏதோ இருக்கிறது. என்ன பாவம் என்பதில் அன்பியத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஜெபிக்க வேண்டும் என்பதில் இல்லை. மூன்று நாள் ஜெபித்துவிட்டு அன்பியத் தலைவி ஜாஸ்மின் ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்தாள்.

"அக்கா, எவ்ளோ பெரிய பாவமா இருந்தாலும் ஆண்டவர் மன்னிப்பார். ஃபாதர்கிட்ட ஒரு தடவ மனசு விட்டுப் பேசிடுங்க. எங்ககிட்ட சொல்ல வேணாம். சொன்னாலும் நாங்க வெளிய சொல்ல மாட்டோம்."

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஜெயவேலு சத்தத்தைக் குறைத்தார். "இன்னா மேடம், யாரு பாவம் பண்ணது?"

"இல்ல அண்ணா, போன சண்டே அக்கா நன்ம வாங்கல. சர்ச்சுல எல்லாரும் கேக்கறாங்க."

"எத்த வாங்கல?"

"நற்கருணை அண்ணா. அப்பம்."

"அவ வெட்ற அப்பத்த அவளே வாங்கலயா? அதுக்கு அவ பாவின்னு ஊருல பேசிக்கினு கீறீங்களா?" அவர் எழுந்து நின்றுவிட்டார். "நாப்பது வருசமா பாக்குறேன் மேடம். கொசுவ அடிக்கவே ரெண்டு வாட்டி யோசிப்பா. அவ இன்னா பாவம் பண்ணா, சொல்லுங்க."

"நான் இன்னும் ஞானஸ்நானமே வாங்கல, ஜாஸ்மின்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

ஜாஸ்மின் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். "அக்கா, எம்பொண்ணுக்கு விசுவாச மந்திரம் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே."

"சொல்லிக் குடுக்கிறதுக்குத் தண்ணி ஊத்தணுமா இன்னா?"

ஜாஸ்மின் போன பிறகு ஜெயவேலு கேட்டார். "நாக்கு வரிக்கும் வந்துச்சாமே. துன்னுட்டு வர்றதுதானே. யாருக்குத் தெரியப் போவுது?"

"திருடி வாங்குனா அது என்னுதா ஆவுமா?"

அவர் டிவியை அணைத்தார். மனைவி பாவி என்று நாலு பேர் பேசியது அவரால் தாங்க முடியாததாக இருந்தது. மரியாதைக்காகப் பதினாறு வருடம் காத்திருந்த மனிதர் அல்லவா.

அடுத்த ஞாயிறு டீக்கடைக்குப் போகாமல் முதல்முறையாகக் கோயிலுக்குள் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, கடைசித் தூணோரம் நின்றார். நற்கருணை வரிசையை உன்னிப்பாகப் பார்த்தார். அவருக்குப் பழக்கமான கண் அது: யார் முதலில், யார் அடுத்து, யாருக்கு எவ்வளவு. பூசை முடிந்ததும் பங்குத்தந்தை ஆஸ்டினைப் பிடித்தார். ஆஸ்டினுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், ஜெயவேலுவின் மகன் வயதுக்கும் குறைவு.

"ஃபாதர், இங்க மொத மரியாத எந்தக் குடும்பத்துக்கு?"

"அப்படி எதுவும் இல்லீங்க. முன்னால உக்காந்திருக்கவங்க முதல்ல வருவாங்க."

"எல்லாருக்கும் ஒரே அளவா?"

"ஒரே அளவுதான். உங்க வீட்ல வெட்டுற அளவு."

ஜெயவேலு காலியான முன்வரிசையைப் பார்த்தார். "அவ இன்னா கேக்குறா ஃபாதர்? முன்னால நிக்கணும்னா கேக்குறா?"

"கடைசி ஆளா நின்னாலும் போதும்னு சொல்றாங்க."

அன்று வீடு போகும்போது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டி நின்றது. திரும்பாமலே சொன்னார். "அடுத்த உத்திரத்துக்குப் பரிவட்டத்த ஹரி கட்டிக்கட்டும். கீதா தட்டு எடுக்கட்டும். நீ பேர எழுதிக் குட்துடு."

ஹரிபிரசாத் அவர்களுடைய மகன், கீதா மருமகள். அப்பா காத்திருந்து பெற்ற மரியாதையை விட்டுக்கொடுத்ததைக் கேட்ட ஹரிபிரசாத், "மார்ச் எண்டுல எனக்கு லீவ் கெடைக்காதுப்பா," என்றான். கீதாதான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்குப் பட்டுப்புடவை இருந்தது, கட்ட இடம் இல்லாமலிருந்தது.

பேர் எழுதுவது ஒரே நாளில் முடிகிற காரியம் என்று சாமுண்டீஸ்வரி நினைத்திருந்தாள். ஒன்பது மாத வகுப்பு என்றார் ஃபாதர் ஆஸ்டின். அவர் சொல்லப்போகிற விடையெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டாள். ஒரு நாள் அவர், எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி என்பதால், கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "பழசை எல்லாம் விட்டுட்டு வரணும். விட்டுடுவீங்களா?"

"கட்டிக்கினு போற பொண்ணு பொறந்த வூட்ட விட்டுட்டுத்தான் போறா ஃபாதர். திட்டிட்டா போறா?"

ஃபாதர் நோட்டில் ஏதோ எழுதினார். எழுதியதை அடித்தார். பிறகு அடுத்த பாடத்துக்குப் போனார்.

இந்த வருடம் பங்குனி உத்திரம் புனித வாரத்துப் புதன்கிழமையே வந்தது. மடத்தில் ஈஸ்டருக்கான வெட்டு. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. சாணை பிடித்த கருவி சுத்தமாக இறங்கியது. வெட்டி, சலித்து, உடைந்ததைப் பொறுக்கி, டப்பாக்களில் நிரப்பினாள். பாதியில் கை நின்றது. இதில் ஒன்று அவளுடையது. எது என்று தெரியவில்லை. நல்லதாக ஒன்றைப் பார்த்து மேலே வைக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு டப்பாவை நன்றாகக் குலுக்கி மூடினாள்.

சாயங்காலம் ஊர்க்கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். பக்கத்தில் ஜெயவேலு, வெறும் தலையோடு. ஹரிபிரசாத் எப்படியோ லீவு வாங்கியிருந்தான். நாதஸ்வரத்துக்குப் பின்னால் கீதா தட்டோடு வந்தாள். தட்டு இடது பக்கம் சாய்ந்திருந்தது. கூறைப்புடவையின் மடிப்பு நழுவியிருந்தது. சாமுண்டீஸ்வரியின் கை தானாக முன்னால் நீண்டு, முன்னால் நின்றவளின் முதுகில் பட்டு நின்றது.

"இன்னா?" என்றார் ஜெயவேலு.

"ஒண்ணும் இல்ல. மடிப்பு கலைஞ்சிடுச்சு."

"விடு. அம்மனுக்குத் தெரியும் யாரு மடிச்சதுன்னு."

மகனின் தலையில் பரிவட்டம் ஏறியபோது அவர் கை ஒரு தடவை தன் நெற்றிக்குப் போய்த் திரும்பியது. அதை அவள் பார்க்காததுபோல இருந்தாள். இத்தனை வருடம் தட்டோடு நிற்கும்போது அப்பம் வாங்கும் வரிசையில் இருக்க ஏங்கினாள். இனி அந்த வரிசையில் நிற்கும்போது இந்தத் தட்டுக்காகவும் ஏங்க வேண்டியிருக்கும் போலிருந்தது. இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு, காலை ஏழரை மணிப் பூசை. ஞானத்தாயாக ஜாஸ்மின் நின்றாள், ஞானமகளைவிடப் பதினெட்டு வயது இளையவள், ஞானமகளைவிட அதிகமாக அழுதாள். பெயர் என்ன என்று ஃபாதர் கேட்டார். "மரியா சாமுண்டீஸ்வரி," என்றாள் ஜாஸ்மின். கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. தண்ணீர் தலையில் விழுந்து ஜாக்கெட் முதுகு நனைந்தது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் முதலில் வாங்கலாம் என்றார் ஃபாதர். அவள் தலையை ஆட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கீரை விற்பவளின் மகள் அவளுக்கு முன்னால். மெதுவாக நகர்ந்தது வரிசை.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்."

உப்பில்லை. சர்க்கரை இல்லை. ஓரத் துண்டின் அதே ருசி. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்ல இளகி, இல்லாமல் போயிற்று.

திரும்பி நடக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த முகத்தைத்தான் அவள் இத்தனை வருடம் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது அவளிடம் இருக்கிறது, அவளால் பார்க்க முடியவில்லை. பக்கவாட்டுக் கதவோரம் ஜெயவேலு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டரில் ஏறியதும் கேட்டாள். "ஏங்க, வாங்கிக்கினு வர சொல்லோ எம்மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

அவர் கண்ணாடியைத் திருப்பி அவளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகுதான் சொன்னார்.

"பசியோட கீறவ மாரி இருந்துச்சு."

ஸ்கூட்டர் கேம்ப் ரோட்டில் திரும்பியது. தலையில் ஈரம் காயவில்லை, காற்று சில்லென்று பட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழம," என்றாள், "ஒரு பத்து நிமிசம் முன்னாடியே கெளம்பிடலாம்."